மறதிக்கு மட்டும் பூச்சியம்

வாழைச்சேனை
27.01.2025

அன்பின் மருமகள் நிருஷா அறிவது,

இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று, முப்பத்தொரு வருடம் ஒலிவாங்கி பிடித்த இந்தக் கையால் உறுதியளிக்கிறேன். என் தங்கச்சி, அதுதான் உன் அம்மா, முதல் வரியோடு மடித்து வைத்துவிடுவாள். நீயும் நம்பவேண்டாம். ஆனால் கடைசிவரை வாசி.

பொங்கலுக்கு மறுநாள் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் விழா. மைதானம் ஆற்றங்கரையில் என்பது உனக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு நான் மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தரம்தான் சொன்னேன். ஆறு கொதித்தது. உள்ளேயிருந்து ஒரு கொடுவா எழும்பியது. அதன் தலை வாழைச்சேனையில் நிற்க, வால் கதிரவெளியில் கிடந்தது. மிகைப்படுத்துகிறேன் என்பாய், சரி, பனிச்சங்கேணிப் பாலத்தோடு வால் முடிந்தது என்று வைத்துக்கொள். என் குரலில் பொறாமை கொண்ட அந்த மீன் தன் செட்டையால் என் உச்சந்தலையில் ஒன்று போட்டது. ஓட்டமாவடியில் புடவைக்கடை வைத்திருக்கும் என் கூட்டாளி ஹமீட், இடி இடிக்கிறதென்று வெளியே தொங்கவிட்ட சாரன்களையெல்லாம் உள்ளே எடுத்தானாம். மறுகா அவன்தான் ஓட்டோவில் வந்து என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனான்.

அங்கே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஆறு வைத்தியர்களும் பதினொரு தாதிமாரும் ஒரு யானைப்பாகனும் சுற்றி நின்று பார்த்துவிட்டு, "ஒண்டுமில்ல, லேசான அடி" என்றார்கள். லேசான அடியாம். என் தலையில் விழுந்த எதையும் இதுவரை ஒருவரும் லேசானது என்று சொன்னதில்லை.

அன்றிலிருந்து வெயில் கண்ணுக்குள் ஊசியாக இறங்குகிறது. போனின் வெளிச்சத்தைப் பார்த்தால் வாந்தி வருகிறது, அதனால்தான் கடிதம். ஐந்து வரி எழுதினால் எழுத்துகள் எறும்பாகி நடக்கின்றன. கண்ணை மூடிக் கிடந்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். ஓட்டோ ஒழுங்கையில் திரும்பினால் நான் திரும்புகிறேன், தலை நேரே போகிறது. போன வெள்ளிக்கிழமை கிளினிக்கிலும் அதே "ஒண்டுமில்ல"தான். ஊரில் என்ன பேச்சு தெரியுமா? படத்தில் ஒன்றும் இல்லையாம், கோணாமலை வழக்கம்போல ஆட்டம் காட்டுகிறானாம்.

அடிபட்ட தலைக்குள் மரியாதை மட்டும் பெருகிவிட்டது. உன் மாமியை நான் இப்போது மகாராணி என்றுதான் கூப்பிடுகிறேன்.

சித்திரைப் புதுவருடத்துக்கு மறுநாள், அதாவது ஏப்ரல் பதினைந்து, ஆற்றில் தோணி ஓட்டம். முப்பத்தொரு வருடமும் அதை அறிவித்தது நான். அதற்குள் என் தலை எனக்குத் திரும்பி வருமா? நீ கொழும்பில் மூளைகளைப் படமெடுக்கிறவள். சொல்லு.

இப்படிக்கு,
கிழக்கிலங்கையின் ஏக குரல்,
உன் மாமா கோணாமலை


கொழும்பு
01.02.2025

அன்புள்ள மாமா,

கொடுவாவின் கதையை மாமி போனிலேயே சொல்லிவிட்டா. அதற்கு வாலும் இல்லை, செட்டையும் இல்லை. வேப்பமரத்தில் உங்கள் ஒலிபெருக்கிக் குழாயைக் கம்பியால் கட்டாமல், கையில் அகப்பட்ட தங்கூசியால் கட்டினீர்களாம். தூண்டிலுக்குப் போடுகிற நைலோன் நூல் அந்தப் பாரத்தைத் தாங்குமா? குழாய் கீழே வரும்போது உங்கள் "ஹலோ" அதற்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே வந்ததாம். உங்கள் குரலே உங்களை அடித்திருக்கிறது.

மாமிக்கு ஒரு கோபமும் இல்லை. "அடிபட்ட மறுகாத்தான் மனிசன் திருந்தியிருக்கார்கா, என்னை மகாராணியெண்டு கூப்பிடுறார்" என்று வெட்கத்தோடு சிரித்தா. என் இருபத்தாறு வயதுக்குள் இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

இனி கவனமாகக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன் இரத்தக்கசிவும் எலும்பு வெடிப்பும் உண்டா என்று பார்ப்பது. அது இல்லையென்பது நல்ல செய்தி. ஆனால் உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. லேசான அடி பட்டவர்களிலும் சிலருக்கு மாதக்கணக்கில் இப்படி இழுபடுகிறது. யாருக்கு இழுபடும், யார் கெதியாக எழும்புவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் நான் வேலை செய்கிற ஆராய்ச்சி. வேறு விதமான ஒரு எம்.ஆர்.ஐ. படம் எடுப்போம். நோயாளி தன் உபாதைகளைத் தானே ஒரு படிவத்தில் எழுதுவார். மூன்று மாதம் கழிய மறுபடி பார்ப்போம்.

நீங்களும் சேரலாம் என்று எங்கள் வைத்தியர் சொல்கிறார். படிவம் இத்துடன் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து நாலு வரை போடவேண்டும். ஐந்து கிடையாது மாமா. தயவுசெய்து.

நிருஷா


வாழைச்சேனை
09.02.2025

அன்பின் மருமகளுக்கு,

கடிதத்தை உன் மாமிதான் வாசித்துக் காட்டினாள். படிவத்தின் சின்னப் பெட்டிகள் என் கண்ணுக்கு ஆற்றில் மிதந்ததால் அதை நிரப்பியதும் அவளே. நான் கட்டிலில் சாய்ந்து அறிவித்தேன், அவள் எழுதினாள்.

தலையிடிக்கு நாலு என்பது ஒரு குழந்தைக்குக் கொடுக்கிற இலக்கம், நானூறு போட்டோம். வெளிச்சத்துக்கு எழுபது. சத்தத்துக்குச் சாதாரண வேளையில் முந்நூறு, மகாராணி சட்டி கழுவும் வேளையில் நாலாயிரம். அவள் அதையும் ஒரு சொல் விடாமல் எழுதிவிட்டு முறைத்தாள். தலைச்சுற்று தொண்ணூறு. நித்திரைக் குறைவு இருநூறு, அதில் பாதி அயல்வீட்டு நாயைச் சேரும். மறதி பூச்சியம். என் ஞாபகம் முதலையின் வாய், கவ்வினால் விடாது.

இங்கே ஒரு அநியாயம் நடக்கிறது. தோணி ஓட்டத்துக்கு மைக் பிடிக்கச் சொல்லிக் கழகம் சிவதர்ஷனைக் கேட்டிருக்கிறது. கலியாண வீடுகளுக்குப் பாட்டுப்போடுகிற பெடியன். நல்ல பிள்ளைதான், ஆனால் "வணக்கம்" சொல்லவே கடதாசி பார்ப்பான். செயலாளர் வீட்டுக்கு வந்து சொன்னார், எனக்கு ஏலுமென்று வைத்தியர் எழுத்தில் தந்தால் மைக் எனக்குத்தானாம். வருத்தம் என்றால் நம்பாதவர்கள், சுகம் என்றால் எழுத்தில் கேட்கிறார்கள்.

ஆகவே என் மூளையே சாட்சி சொல்லட்டும். பதினெட்டாம் திகதி ரயிலில் நானும் மாமியும் வருகிறோம். உன் இயந்திரத்தைத் துடைத்து வை. இப்படியொரு மூளையை அது கண்டிருக்காது.

மாமா


வாழைச்சேனை
26.02.2025

நிருஷாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். தலையிடி இருக்கிறது. மாமி சுகம்.

நீ வைத்தியரிடம் சொன்னதைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "எங்கட மாமா சொல்றதப் பத்தாலப் பிரிச்சு எடுங்க டொக்டர்."

இந்தக் கடிதத்தை எதாலும் பிரிக்கத் தேவையில்லை.

கோணாமலை


கொழும்பு
04.03.2025

அன்புள்ள மாமா,

உறையில் "மாமா மட்டும்" என்று போட்டிருக்கிறேன். பெரிய எழுத்தில், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதியிருக்கிறேன். மாமியிடம் கொடுக்காமல், நாளுக்குக் கொஞ்சமாக நீங்களே வாசியுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. அதைக் கண்டுதான் பயந்தேன். அழுதேன் என்றால் நீங்கள் பத்தால் பிரிப்பீர்கள். பிரித்தாலும் மிச்சம் வரும். நான் சொன்னது பிழை. வைத்தியர் சிரிப்பார் என்று நினைத்துச் சொன்னேன். ஊரில் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். அதையே நானும் செய்திருக்கிறேன்.

அன்று படமெடுத்தது நான் இல்லை. சொந்தக்காரரை நாங்கள் எடுப்பதில்லை. எடுத்தது என்னோடு வேலை செய்கிற ஸில்மியா. முதல் தரம் நீங்கள் இயந்திரக் குழாய்க்குள் கிடந்து தோணி ஓட்டம் அறிவித்ததில் படம் முழுக்க ஆடிப்போனது. இரண்டாம் தரம் ஒரு விரல்கூட அசையவில்லையாம். அந்த இயந்திரம் தட்டுகிற தட்டு உங்கள் தலைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "உங்கட மாமாக்குச் சரியான நோ. அழுத்தமாக் கண்ண மூடிக்கொண்டு கிடந்தாரு" என்று ஸில்மியா சொன்னா. அவ உங்களைக் கண்டது ஒரே நாள். அவவுக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை.

வைத்தியர் உங்களுக்கு எழுதச் சொன்னதை எழுதுகிறேன். மூளைக்குள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் செய்தி கொண்டுபோக நார்க்கற்றைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் நீர் எப்படி நகர்கிறது என்று இந்தப் படம் அளக்கிறது. முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிட்ட நாளில் ஆற்றுத் தண்ணீர் எப்படி ஒரே முகமாகக் கடலுக்கு ஓடும்? சுகமான நாரில் நீர் அப்படித்தான் நேராகப் போகும். நார் நொந்திருந்தால் வயலுக்குள் வெள்ளம் ஏறியது போல எல்லாப் பக்கமும் பரவும். உங்கள் தலையில் இரண்டு சின்ன இடங்களில் நீர் பரவுகிறது. மாமா, நீங்கள் நடிக்கவில்லை. படத்தில் இருக்கிறது.

அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது வெட்கம்.

இப்படிப் படம் வந்தவர்களில் கூடுதலானோர் தேறிவிடுகிறார்கள், ஆனால் மெதுவாக. சிலருக்கு நாள் நீள்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்று படம் மட்டும் சொல்லாது. உங்கள் வாயால் வருகிறதும் வேண்டும். வைத்தியர் படத்தையும் உங்கள் படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாலாயிரத்தை எங்கே பதிவது?

நானும் அந்தப் படிவத்தைப் பல தரம் பார்த்தேன். எல்லாவற்றையும் ஊதிப் பெருப்பித்த மனிசர் ஒன்றை மட்டும் ஏன் துடைத்து வைத்தார்? மறதிக்கு மட்டும் பூச்சியம். நொந்த இரண்டு இடங்களில் ஒன்று, சொற்களைத் தேடி எடுக்கும் பக்கம் போகிற வழியில் இருக்கிறது. அதனால் இதுதான் என்று அடித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. ஆனால் படிவத்தை எழுதியது மாமியின் கை என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

எதை மறந்தீர்கள் என்று கேட்கமாட்டேன். எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். புதுப் படிவம் உள்ளே இருக்கிறது.

உங்கள் நிருஷா


வாழைச்சேனை
20.03.2025

அன்பின் மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படகுத்துறைப் பக்கம், கவிழ்த்துவைத்த தோணி ஒன்றின் நிழலில் இருந்து நாலு நாளாக வாசித்தேன். ஐந்தாம் நாள் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன், எனக்கு நடந்தது படத்தில் இருக்கிறது என்ற இடம் வரைக்கும். ஹமீட்டுக்கும் அந்த இடத்தை வாசித்துக் காட்டினேன். "நானும் உன்ன நம்பல்லதான் கோணா" என்றான். பிறகு ஓட்டமாவடி முழுக்க என் மூளைக்குள் வெள்ளம் என்று பரப்பிவிட்டான். இப்போது சனம் சாப்பாட்டோடு பார்க்க வருகிறது.

படிவத்தை என் கையாலேயே நிரப்பினேன். தலையிடி மூன்று, வெளிச்சம் மூன்று, சத்தம் மூன்று, தலைச்சுற்று இரண்டு, நித்திரை இரண்டு. இவ்வளவு சின்ன இலக்கங்களுக்குக் கீழே கையெழுத்து வைக்க வெட்கமாக இருக்கிறது. மறதிக்குப் பென்சிலால் ஒரு இலக்கம் போட்டு, அழித்து, இரண்டு என்று போட்டிருக்கிறேன். அவ்வளவுதான்.

காலையில் வெயில் ஏறமுன் ஆற்றங்கரைக்குப் போய் மைக் இல்லாமல் பேசிப் பழகுகிறேன். எருமைகள்தான் சபை. ஹமீட் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். முதல் நாள் இரண்டு நிமிடத்தில் "நாவற்குடாத் தோணி" என்ற இடத்தில் சொல் அறுந்தது. எருமைகள் பொறுமையாக இருந்தன. இந்தக் கிழமை ஆறு நிமிடம். எருமைகள் இப்போது ஏழாயிரம் வருகின்றன. இருக்க இடமில்லாமல் சில மரத்தில் ஏறி நிற்கின்றன.

நேற்று மாமி சட்டி கழுவினாள். நான் எழும்பிப் போகவில்லை.

மாமா


கொழும்பு
06.04.2025

அன்புள்ள மாமா,

எருமைகள் மரத்தில் ஏறியதை வாசித்து ஸில்மியாவும் நானும் நிம்மதியடைந்தோம். நீங்கள் திரும்பி வருகிறீர்கள்.

வைத்தியர் உங்கள் உண்மையான இலக்கங்களைப் படத்தோடு சேர்த்துப் பார்த்தார். மூன்று மாதத்தில் முழுச் சுகம் எதிர்பார்க்க வேண்டாமாம். ஆனால் போகிற திசை நல்லதாம். ஆறாம் ஏழாம் மாதத்தில் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடுவீர்கள் என்று நினைக்கிறார். நினைக்கிறார் என்றுதான் எழுதச் சொன்னார், சத்தியம் பண்ணவில்லை.

கழகத்துக்கு அவர் கொடுத்த கடிதம் இத்துடன். கடைசி ஓட்டம் மட்டும். நிழலில் இருக்கவேண்டும், காதுக்குப் பஞ்சு, பத்து நிமிடம். தலை சுற்றினால் அந்த இடத்திலேயே மைக்கைச் சிவதர்ஷனிடம் கொடுக்கவேண்டும். குழாய்களை நீங்கள் கட்டக்கூடாது. இது வைத்தியர் சொன்னதில்லை, நான் சொல்வது.

புதுவருடத்துக்கு எனக்கு வேலைமுறை. வர முடியாது. எல்லாவற்றையும் எழுதுங்கள்.

மறதிக்கு நீங்கள் அழித்த இலக்கம் கடதாசியின் மறுபக்கத்தில் புடைத்து நிற்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன். அது நாலு.

நிருஷா


வாழைச்சேனை
17.04.2025

அன்பின் மருமகள் நிருஷா அறிவது,

கரையில் நின்ற சனம் ஏழு இலட்சம். இந்த மாவட்டத்தில் அவ்வளவு பேர் இல்லையென்றால் மிச்சப்பேர் வெளியூர். குழாய்களைச் சிவதர்ஷன் கட்டினான், மும்மடிக் கம்பியால். வேப்பமரம் விழுந்தாலும் குழாய் விழாது. முன்னைய ஓட்டங்களை அவன்தான் அறிவித்தான். நல்லாகச் செய்தான் என்று எழுத என் பேனை மறுக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

கடைசி ஓட்டத்துக்கு மைக்கை என் கையில் தந்து, வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறந்ததும் ஆறு அடங்கியது, முதலைகள் வரிசையாகக் கரையேறி உட்கார்ந்தன. தோணிகள் புறப்பட்டன. ஒன்பதாவது நிமிடம். சிவப்புக்கொடி கட்டிய தோணி எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வருகிறது. அதன் ஊர்ப் பெயரைச் சொல்லவேண்டும். வாயைத் திறக்கிறேன், பெயர் இல்லை. கதிரவெளி. இப்போது சுகமாக எழுதுகிறேன். அந்த நேரம் அது எங்கேயோ வெள்ளத்துக்குள் நின்றது. கையிலிருந்த கடதாசியை வெயில் வெளிச்சத்தில் வாசிக்க முடியவில்லை. சிவதர்ஷன் என் முகத்தைப் பார்க்கிறான். மைக்கை வாங்கக் கையை நீட்டவுமில்லை, மடக்கவுமில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "மகாராணி வாறா, விலகி நில்லுங்க, மகாராணி வாறா" என்று ஒரு போடு போட்டேன். சனம் ஆர்ப்பரித்தது.

அந்த ஆர்ப்பரிப்புக்குள்ளே, பந்தலின் பின்னாலிருந்து உன் மாமி தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவருகிறாள். தலை சுற்றி அவளைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் திரும்பி, மைக் வாய்க்குக் கிட்ட இருப்பதை மறந்து சொன்னேன்: "வதனி, உன்னயில்லகா, தோணியச் சொன்னன்."

நாலு குழாயிலும் போனது. ஆற்றின் அந்தக் கரைவரை கேட்டிருக்கும். ஏழு இலட்சம் பேரும் சிரித்தார்கள், அவள் போத்தலால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சிவப்புக்கொடி வென்றது. மைக்கைச் சிவதர்ஷனிடம் கொடுத்துவிட்டு நிழலில் கண்ணை மூடிக் கிடந்தேன். நேற்று முழுக்கத் தலையிடி. மூன்று என்று போட்டுக்கொள். ஆனாலும் சிரிப்பாகத்தான் கிடந்தேன்.

இனி நான் எழுதுவதற்குச் சாட்சி இல்லை. கொடுவா பொய். யானைப்பாகன் பொய். எருமைகள் பதினொன்று, ஒன்றும் மரமேறவில்லை. முதலைகள் வரவில்லை. சனம் அறுநூறு பேர் இருக்கலாம்.

ஆனால் நீ ஒன்றை யோசித்துப் பார். இந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட என்னை விட்டால் ஆள் இல்லை. உனக்கு மாமி. அயலுக்கு அக்கா. ஹமீட்டுக்குத் தங்கச்சி. குழாய் விழுந்து கண் விழித்தபோது என் பக்கத்தில் இருந்த மனிசியை எனக்கு நல்லாகத் தெரிந்தது. அவள் சிரிப்பு தெரிந்தது, அவளுக்குப் பயம் என்பதும் தெரிந்தது. பெயர் மட்டும் இல்லை. யாராவது சொல்வார்களா என்று காது கொடுத்துக் கிடந்தேன், ஒருவரும் சொல்லவில்லை. அவளிடமே எப்படிக் கேட்பது? மகாராணி என்று கூப்பிட்டேன். அவளுக்கு அது பிடித்துவிட்டது. பத்தாம் நாள் கிளினிக்கில் தாதி, கூட வந்தவரின் பெயரென்ன என்று கேட்டு எழுதினாள். அவள் சொன்னாள். நான் மலசலகூடத்துக்குப் போவதாகச் சொல்லி எழும்பிப்போய், மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் அதை எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். தோணி ஓட்டத்தன்றும் பையில் இருந்தது. எடுத்துப் பார்க்கத் தேவைப்படவில்லை.

அந்த ஒன்பது நாள் மட்டும் மெய். படிவத்தில் நாலு என்று திருத்திவிடு. மாமிக்குச் சொல்லாதே. மகாராணி என்று கூப்பிட்டால் இப்போதும் திரும்பிப் பார்க்கிறாள்.

உன் மாமா
கோணாமலை